தங்கை தலைக்குச் சொந்தக்காரி

புதன்கிழமை காலையில் மூன்றாவது பேசினின் சல்லடையைத் தூக்கியபோதுதான் கத்திரிக்கு விஷயம் தெரிந்தது.

பார்லரில் தலை அலசுகிற பேசின்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் தண்ணீர் போகும் ஓட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை போட்டிருக்கும். நாள் முழுக்க உதிர்கிற முடி அதில் தங்கும். சாயங்காலம் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முதலாளியம்மா உத்தரவு. மறந்துவிட்டுப் போவது மூன்றாவது நாற்காலிக்காரியின் வழக்கம். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொட்டுவது கத்திரியின் வழக்கம். சல்லடையைப் பார்த்தே நேற்று யார் யார் வந்துபோனார்கள் என்று அவள் சொல்லிவிடுவாள். சாயம் வெளுத்த செம்பட்டை என்றால் வங்கி மேலாளர். நரையும் கறுப்பும் பாதிப்பாதி என்றால் மருந்துக்கடைக்காரர் மனைவி. முகத்தை மறந்தாலும் முடியை மறக்காத பிறவி அவள்.

அன்றைக்கு அதில் ஒரு சுருள் கிடந்தது. எடுத்து விரலில் வைத்தாள். அது தானாகவே சுற்றிக்கொண்டது. இரண்டாம் முறை பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து வயதிலிருந்து தன் கையில் புழங்கிய முடி. தங்கையின் முடி.

செவ்வாய்க்கிழமை கத்திரிக்கு வார லீவு. அது தங்கைக்கு நன்றாகத் தெரியும்.

கத்திரி என்ற பட்டம் அவள் கைக்கு வைத்தது என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் வாய்க்கு வைத்தது என்பார்கள். அவள் வாயில் விழுந்து முழுசாக எழுந்தவர்கள் குறைவு. மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவள் பொறுப்புதான். மூன்றாவது நாற்காலிக்கு வந்த பெண்ணுக்குப் 'புதுசு' என்று முதல் நாளே நாமகரணம் செய்தவள் இவள். வந்து இரண்டு வருஷமாகியும் புதுசு புதுசாகவே இருந்தாள்.

கத்திரியின் சொந்தத் தலையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் 'எலிவால்' என்று கூப்பிட்டார்கள். அந்த எலியும் வரவர இளைத்துக்கொண்டே வந்தது. தங்கைக்கு வாய்த்தது வேறு. பிறக்கும்போதே தலை கொள்ளாத சுருட்டை. அம்மாவுக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவாள். ஆகவே தங்கையை முழங்காலுக்கு நடுவே இடுக்கி உட்காரவைத்துச் சிக்கெடுக்கும் வேலை பத்து வயதுப் பெரியவள் தலையில் விழுந்தது. சின்னது கத்தும், துள்ளும், கையைக் கடிக்கும். இவள் விடமாட்டாள். வாரி முடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். "இந்தத் தலைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்பாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் பாராட்டு அது. என்ன செய்வது, அது இன்னொருத்தி தலையில் முளைத்திருந்தது.

அந்தத் தலையால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். எத்தனையோ தலைகளைக் கையாண்டாகிவிட்டது, ஆனால் மாதம் ஒரு முறை தங்கை வந்து கத்திரியின் முதல் நாற்காலியில் உட்காரும் நாளில் மட்டும் அவள் முதலாளியம்மாவையே "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்வாள். சமீபமாகத் தங்கை வரவில்லை. கடையில் வேலை அதிகம், அடுத்த மாசம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கு அப்படி என்ன அவசரம் வந்துவிடும் என்று இவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கத்திரியின் வைத்தியம் ஒரே வைத்தியம். முடி ஒடிகிறதா, பலம் இல்லை. பலம் என்றால் புரோட்டீன். தங்க நிற மூடி போட்ட பெரிய டப்பா ஒன்று அவள் அலமாரியில் எப்போதும் இருக்கும். அந்தக் கிரீமை அள்ளி அப்பி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, சூடு காட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுவாள். முடி விறைத்து நிற்கும். "பாத்தியா, என்ன தெம்பு" என்பாள். அடுத்த மாதம் இன்னும் அதிகமாக ஒடிந்திருக்கும். அதனால் கிரீமையும் இன்னும் அதிகமாகப் போடுவாள். ஒரு தடவை தங்கை, "அக்கா, துடைப்பம் மாதிரி இருக்குக்கா" என்றாள். "பலமான முடி அப்படித்தான் இருக்கும், பேசாம உக்காரு" என்று வாயை அடைத்துவிட்டாள். கொஞ்ச வருஷமாகத் தங்கை முடியை விரித்தே விடுவதில்லை, இறுக்கி ஒரு கொண்டை. கடை வேலைக்கு இதுதான் வசதி என்றாள். கத்திரியும் நம்பினாள்.

சுருளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் நாலு நாள் ஓட்டினாள். அவள் வாய்க்கு அது பெரிய பட்டினி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறித் தங்கை வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் கொண்டுபோன பை கையிலிருந்து நழுவியது. தங்கை முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். தோளில் வந்து விழுந்து, ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தது. நடந்தால் கூடவே அசைந்தது. சின்ன வயதில் தெருவில் ஜனங்கள் நின்று பார்த்த அதே தலை.

"என்னடி, விரிச்சுப் போட்டிருக்க."

"சும்மாதான்க்கா."

"நல்லாருக்கு. என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலக்கா. மாடித் தொட்டி கழுவினாங்கல்ல, அதுலேருந்து தண்ணி மாறிடுச்சு. பக்கத்து வீட்டுல கூடச் சொன்னாங்க. துணி கூட மெத்துனு இருக்கு."

பொய் சொன்னால் தங்கைக்கு வார்த்தை கூடிவிடும். கத்திரி கையை நீட்டி ஒரு சுருளைத் தொட்டாள். மெத்தென்று அமுங்கி, விட்டதும் எழும்பியது. இத்தனை வருஷத்தில் தன் கைக்குக் கிடைக்காதது. அவளுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் கூட இவளுக்கு இப்படி எரிந்திருக்காது. அவர் போனால் போகட்டும் என்று சில சமயம் தோன்றியதும் உண்டு. இது அப்படியா?

"தண்ணியா" என்றாள். "நல்ல தண்ணிதான்."

அன்றிலிருந்து அவள் ஒரு கண் வாடிக்கைக்காரர் தலையிலும் ஒரு கண் மூன்றாவது நாற்காலியிலும் இருந்தது. புதுசும் சுருட்டைக்காரிதான். நறுக்கிவிட்ட முடி நெற்றியில் குதிக்க, யாரையும் அதட்டாமல், சீப்பே எடுக்காமல் விரலாலேயே வேலை செய்வாள். சுருட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்ந்திருந்தது கத்திரிக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் வைத்திருந்தது ஒரு சாம்பல் நிற டப்பா. படம் இல்லை, மினுமினுப்பு இல்லை. ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் கத்திரி அதை எடுத்து முகர்ந்தாள்.

"என்னதுடி இது?"

"டீப் கண்டிஷனர்தான்க்கா. புரோட்டீன் இல்லாதது."

"இல்லாததா? இருக்குன்னு எழுதி விக்கறதப் பாத்திருக்கேன். இல்லன்னு எழுதி விக்கறத இப்பதான் பாக்கறேன்."

புதுசு சிரித்தாள். "சில முடியில அது ஏற்கெனவே எக்கச்சக்கமா ஏறியிருக்கும்க்கா. மேல மேல போட்டா விறைச்சுப் போய் ஒடியும். அதுக்கு ஈரம்தான் வேணும். நனைஞ்ச முடி ஒண்ண எடுத்து மெல்ல இழுத்துப் பாப்பேன். கொஞ்சமும் இழுபடாம பட்டுனு ஒடிஞ்சா புரோட்டீன் ஜாஸ்தி. சவ்வு மாதிரி இழுபட்டுத் திரும்பி வரலேன்னா கம்மி."

"பெரிய டாக்டர்" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனாள் கத்திரி. அவள் காதில் விழுந்தது வேறு. 'உன் தங்கச்சி தலையை இத்தனை வருஷமா நீதான் கெடுத்தே' என்று இவள் சாடை பேசுகிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். பொறாமை காதில் புகுந்துவிட்டால் எதுவும் நேராகக் கேட்காது. அவளைப் பொறுத்தவரை சாம்பல் டப்பா வெறும் பூச்சு. பார்க்க மினுக்கும், நாளைக்கு வேரோடு உதிரும். தன் கிரீம்தான் முடிக்குச் சோறு.

தங்கை ஒன்றுவிட்ட செவ்வாய்தோறும் வருகிறாள் என்பதைச் சல்லடையை வைத்தே கண்டுபிடித்தாள். முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் தங்கை "ஆமாக்கா, அவகிட்டதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லாத வரைக்கும் அந்தத் தலை பாதியாவது தன்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் முதலாளியம்மா கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தாள், புதுசு கிளம்பிவிட்டாள். கத்திரி தங்க மூடியைத் திறந்தாள். பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி அள்ளிச் சாம்பல் டப்பாவில் போட்டு, வெள்ளையும் வெள்ளையும் சேருகிற வரைக்கும் கிண்டினாள். வாசனை லேசாக ஏறியது. பார்லரில் ஏற்கெனவே பத்து வாசனை, பதினோராவதை யார் மோப்பம் பிடிக்கப்போகிறார்கள்?

கெடுதல் செய்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. இதை அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். அவள் கணக்கு வேறு. தங்கை எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலையில் ஏறுவது அக்காவின் கிரீமாக இருக்க வேண்டும். முடி இன்னும் ஜோராக வரும். ஊரே மெச்சும். அப்போது ஒரு நாள், "அது அவ கைவண்ணம் இல்லடி, என் கிரீம்" என்று போட்டு உடைக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் போகும்போதே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனதுக்கு இதமாக இருந்தது.

வியாழக்கிழமை தங்கையே இவள் வீட்டுக்கு வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, திட்டாதே. நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். தண்ணியெல்லாம் இல்ல. உன் லீவு அன்னிக்கு வந்து புதுசுகிட்ட செஞ்சுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

தங்கை அதைக் கூடக் கவனிக்கவில்லை. துணியை அவிழ்த்தாள். "முந்தாநாளும் போனேன். இத்தன நாள் நல்லாத்தான்க்கா இருந்துச்சு. இப்பப் பாரு."

சுருள்கள் செத்துப்போயிருந்தன. விறைத்து, மங்கி, தொட்டால் சரசரத்தது. கத்திரி குழாயடிக்குக் கூட்டிப்போய் ஒரு முடியை நனைத்து இரண்டு விரலில் பிடித்து இழுத்தாள். துளியும் இழுபடவில்லை. பட்டென்று ஒடிந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். மாதாமாதம் முதல் நாற்காலியில் கேட்ட சத்தம். கேட்டபோதெல்லாம் 'ஐயோ பலம் போதலையே' என்று இன்னொரு கரண்டி எடுத்தவள் அவள். இந்தத் தடவை நடுவில் புதுசின் வைத்தியத்தில் முடி தேறியிருந்தது. தேறியதைப் படுக்கவைத்தது எது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. புதுசு சொன்னது சரி என்பதைத் தன் கையாலேயே நிரூபித்து வைத்திருந்தாள். அந்த நேரத்திலும் முதலில் வந்தது வருத்தம் இல்லை. புதுசு சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. வருத்தம் கொஞ்சம் பொறுத்து, தங்கை மூக்கை உறிஞ்சியபோது வந்தது.

"அவகிட்ட இனிமே போகலக்கா" என்றாள் தங்கை. "நீயே எதாவது பண்ணு."

இதற்காகத்தானே இத்தனை பாடு. தலை தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொந்தக்காரிக்குத் தெரியவில்லை.

புதுசிடம் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆகவே அழகுசாதன மொத்தக்கடைக்குப் போனாள், தங்க மூடி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு. ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அதனால் தன் டப்பாவின் பின்பக்கத்தில் புரோட்டீன் என்ற சொல்லுக்கு முன்னால் வருகிற அந்த நீள வார்த்தையை, 'ஹைட்ரோலைஸ்டு' என்பதை, எழுத்தெழுத்தாகப் பார்த்து மனதில் இருத்திக்கொண்டாள். அது தென்பட்டால் டப்பா வேண்டாம். முன்பக்கம் 'ஈரப்பதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றைத் திருப்பினால் உள்ளே கோதுமைப் புரோட்டீன். இன்னொன்றில் பட்டு. இன்னொன்றில் பால். கெரட்டின், கொலாஜன், அமினோ ஆசிட் என்று ஒரே ஆசாமி ஊருக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரிந்தான்.

"முன்னாடி பாத்து வாங்குங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர்.

"முன்னாடி பாத்துத்தான் இத்தன வருஷம் வாங்கினேன்" என்றாள்.

அலமாரியில் முக்கால்வாசி டப்பாக்களைத் திருப்பிப் போட்டுக் கடைக்காரரை ஒருவழியாக்கிய பிறகு ஒன்று கிடைத்தது. கற்றாழை, கிளிசரின், ஷியா வெண்ணெய், மற்றதெல்லாம் கொழுப்பு வகை. அந்த நீள வார்த்தை எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். முதலில் தன் எலிவாலிலேயே போட்டுப் பார்த்தாள். அந்த எலிவாலுக்கு எது போட்டாலும் ஒன்றுதான்.

இதற்குள் பார்லரில் வேறு வினை கிளம்பியிருந்தது. சாம்பல் டப்பாவில் கை வைத்தது தங்கை தலைக்கு மட்டுமா? இன்னும் இரண்டு சுருட்டைத் தலைகள் முறையிட்டுக்கொண்டு வந்தன. முதலாளியம்மா புதுசை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "இனிமே சுருட்டை முடியெல்லாம் முதல் நாற்காலிக்குப் போகட்டும். அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல" என்று முடித்தாள். புதுசு எதிர்த்துப் பேசவில்லை. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கத்திரியிடம் வந்தாள்.

"அக்கா, உங்க தங்கச்சி எங்கிட்ட வந்தத மறைச்சிட்டேன். அவங்கதான் சொல்ல வேணாம்னாங்க. எப்படின்னு தெரியல, அவங்க தலைய நான் கெடுத்துட்டேன். நீங்களே பாருங்கக்கா."

கத்திரி "ம்" என்றாள். மனதுக்குள் ஒருத்தி கைதட்டினாள், இன்னொருத்தி கூசிப்போய் நின்றாள். கைதட்டியவள் குரல்தான் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

அடுத்த புதன்கிழமை, எல்லாரும் பார்க்க, தங்கை முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கத்திரி சீப்பை எடுக்கவில்லை. நனைத்து, பாகம் பாகமாகப் பிரித்து, புதுக் கிரீமை விரலால் வேரிலிருந்து தள்ளி நுனி வரை இழுத்துவிட்டாள். தொப்பி மாட்டி இளஞ்சூடு காட்டினாள். அலசுவதற்குத் தங்கை தலையைப் பேசினில் சாய்த்ததும், தண்ணீருக்குக் கீழே முடி கையில் மெத்தென்று வழுகியது. ஒரு சுருளை அமுக்கிவிட்டாள். சோம்பலாக, ஆனால் எழும்பியது. தலை தன்னிடமே வந்துவிட்டது. இனிமேல் யாரிடமும் போகாது.

தங்கை கண்ணை மூடியபடியே சொன்னாள். "அக்கா, இன்னிக்கு உன் கை மாதிரியே இல்ல."

"நல்லாருக்கா?"

"ரொம்ப. வலிக்கவே இல்ல." கழுத்தைச் சாய்த்து வசதி பண்ணிக்கொண்டாள். "புதுசு சொல்லிக் குடுத்தாளா?"

பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த புதுசின் கை நின்றது. கல்லாவில் முதலாளியம்மா தலையைத் தூக்கினாள். 'நானே கத்துக்கிட்டேன்' என்ற பதில் கத்திரியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மொத்தக்கடையில் நின்ற நேரத்தை வைத்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் கைக்குள் இருந்த தலை அவ்வளவு நம்பிக்கையாகக் கனத்தது. அதைச் சொன்னால் அந்தத் தலைக்கு இன்னொரு கரண்டி எதையோ ஊற்றுகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது அவளுக்கு.

"அவதான்" என்றாள். "அவ சொன்னதுதான் இது. அவ டப்பால ஒரு கோளாறும் இல்ல. என் கிரீம நான்தான் அதுல கலந்து வெச்சேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.  புதுசு மடித்த துண்டை மறுபடி பிரித்தாள். தங்கை கண்ணைத் திறந்து, பேசினில் கிடந்தபடியே அக்காவின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"ஏன்க்கா?"

காரணம் ஏராளமாக வைத்திருந்தாள் கத்திரி. முடிக்குப் பலம் வேண்டும் என்பதற்காக, நல்லது என்று நினைத்து, தெரியாமல். வாயில் வந்தது வேறு. கிரீம் கையோடு, பத்து வயதுக்காரி மாதிரி நின்றாள்.

"நீ அவகிட்ட போயிட்டியேடி" என்றாள்.